ஐந்து மைல் வட்டத்துக்குள் ஒரு வீடு

தென்மாவட்டச் சேகரம் ஒன்றில் ஏறத்தாழ நூறாண்டுகள் நின்ற ஆலயம் சில ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டது. அதன் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டவை. காரைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சபையாரே குடம் குடமாகக் கொணர்ந்து ஊற்றினர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில் வாலிபர் சாரம் கட்டி வெள்ளையடிப்பர். பெண்கள் சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பர். சரிந்த ஓடுகளை மாற்றத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இரண்டு குடும்பத்தார் இருந்தனர். இன்று அவ்விடத்தில் கான்கிரீட் ஆலயம் நிற்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே அதன் தளம் ஒழுகத் தொடங்கிற்று. ஒழுக்கைப் பார்க்க நகரத்திலிருந்து ஒப்பந்தக்காரர் வரவேண்டியிருந்தது. அவர் வரும்வரை திருவிருந்து மேசையை இரண்டு முழம் தள்ளிவைத்து ஆராதனை நடந்தது.

புதிய ஆலயம் எழுப்பினோரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. பண்டிகை நாட்களில் மக்கள் இடமின்றி வேப்பமரத்தடியில் நின்றதும், கட்டுமான நிதிக்காகப் பீடி சுற்றும் பெண்கள் பல ஆண்டுகள் கைப்பிடி அரிசி எடுத்துவைத்ததும் நாம் அறிந்தவையே. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. வெள்ளையடிக்கும் அந்த வாரம் மறைந்துவிட்டது. அதை நிறுத்தவேண்டுமென்று எந்தக் கமிட்டியும் தீர்மானிக்கவில்லை. அதற்குத் தேவையில்லாமற் போயிற்று, அவ்வளவுதான்.

ஒரு கட்டடம் தன்னைச் சூழ வாழும் மக்களின் கையை எவ்வளவு காலத்துக்கு வேண்டிநிற்கிறது என்னும் வினாவை மேனாட்டில் சிலர் அண்மைக் காலத்தில் எழுப்பி வருகின்றனர். இதனை 'நிதான வடிவமைப்பு' என்று தமிழில் வழங்கலாம். 1986-ஆம் ஆண்டில் உரோமை நகரின் புகழ்பெற்ற சதுக்கம் ஒன்றில் அமெரிக்கத் துரித உணவகம் திறக்கப்பட்டபோது கார்லோ பெட்ரினி என்பவரும் அவர் தோழரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிலிருந்து நிதான உணவு இயக்கமும், 1999-இல் இத்தாலியின் சிற்றூர்கள் சில சேர்ந்து தொடங்கிய நிதான நகரங்களின் கூட்டமைப்பும் எழுந்தன. அவ்வெண்ணம் பின்னர் நெசவுக்கும் கட்டடக்கலைக்கும் பரவிற்று. அந்தந்த இடத்துப் பொருள், அந்தந்த இடத்துக் கைத்திறன், தலைமுறைகள் தாங்கும் உழைப்பு, செப்பனிட இயலும் அமைப்பு என்பன அதன் கூறுகள் எனலாம். வசதி படைத்த நாடுகளின் ஓய்வுநேரச் சிந்தனையாக இது நமக்குத் தோன்றக்கூடும். அவ்வாறு தள்ளிவிடுமுன், நம் நாட்டில் இதனை வேறு பெயரில், வேறு காரணத்துக்காக எண்ணிப்பார்த்தவர்களை நினைவுகூருவது நலம்.

காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு சனவரியில் 'அரிசன்' இதழில் இலட்சியக் கிராமத்தின் இலக்கணத்தை வகுத்தார். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள குடில்கள் அதில் இருக்கவேண்டும். அவை கிராமத்தைச் சூழ ஐந்து மைல் வட்டத்துக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்படவேண்டும் என்பது அவர் விதித்த அளவு. தஞ்சையில் 1892-இல் பிறந்த கிறிஸ்தவரும் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளருமான ஜே. சி. குமரப்பா இவ்வெண்ணத்துக்குப் பொருளாதார வடிவம் கொடுத்தார். அவர் சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளிவந்த 'நிலைபேற்றின் பொருளாதாரம்' என்னும் நூல், இயற்கை ஈட்டித்தருவதைக்கொண்டு வாழ்வதையும், அது சேமித்துவைத்ததைத் தோண்டித் தின்று வாழ்வதையும் பிரித்துக் காட்டுகிறது. அவர் தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் கழித்தார். இறையியற் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவருள் எத்தனைபேர் அவர் நூலொன்றைக் கையிலெடுத்திருப்பர் என்று கேட்கத் தயக்கமாயிருக்கிறது.

ஐந்து மைல் வட்டம் என்னும் சொல்லைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்ட கட்டடக்கலைஞர் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயர். லாரி பேக்கர் 1917-இல் பர்மிங்காம் நகரில் மெதடிஸ்டு குடும்பத்தில் பிறந்து, கட்டடக்கலை பயின்று, குவேக்கர் என்று வழங்கும் நண்பர் சங்கத்தில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து மருத்துவத் துணைப்படையொன்றில் சீனாவுக்குச் சென்றார். அங்கே தொழுநோயாளரிடையே பணி புரிந்தார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1945-இல் தொழுநோயாளர் மிஷனின் கட்டடப் பணியாளராக இந்தியாவுக்கு வந்தார். நோயாளரை ஊருக்கு வெளியே அடைத்துவைக்கும் விடுதிகளாயிருந்தவற்றை மருத்துவமனைகளாக மாற்றும் பணி அது; நோயைக் குணமாக்கும் மருந்துகள் வரத்தொடங்கியிருந்த காலம்.

1948-இல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்த பின், இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகட்டில் 16 ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். பேக்கரின் உண்மையான கல்வி அங்கேதான் தொடங்கிற்று என்று கூறவேண்டும். பர்மிங்காமில் இரும்பும் கண்ணாடியும் கற்றவருக்கு மண், சாணம், மலைக்கல், மரம் ஆகியவற்றைக் கையாளத் தெரியவில்லை. மலைவாசிகளின் வீடுகளோ பனிக்கும் சரிவுக்கும் நிலநடுக்கத்துக்கும் ஈடுகொடுத்து நின்றன. அவை அறியாமையின் விளைவல்ல, பல நூறாண்டுகள் சோதித்துத் தேர்ந்த விடைகள் என்பதை அவர் கண்டார். தம் பட்டப்படிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு ஊர்க் கொத்தனிடம் மாணாக்கரானார். நம் நாட்டுக்கு வந்த மிஷனரிகளுள் கற்பிக்க வந்து கற்றுக்கொண்டோர் பட்டியல் அத்துணை நீளமானதன்று.

1960-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் குடியேறி, நாலாஞ்சிறை என்னுமிடத்தில் பாறைச் சரிவொன்றின்மீது தமக்கு வீடு கட்டிக்கொண்டார். 2007-இல் அந்நகரிலேயே காலமானார். இடைப்பட்ட காலத்தில் அவர் கையாண்ட முறைகளைச் சற்று விரிவாகக் காண்போம். ஆலயமும் பள்ளியும் குருமனையும் கட்டும் பொறுப்பு நம் வாசகர் பலர்மீது விழுவதே அதற்குக் காரணம்.

சாதாரண ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படும். பேக்கர் அவற்றைச் சாய்க்காமல் பக்கவாட்டில் நிமிர்த்திவைத்தார். இரண்டு கல் நீளவாக்கில் எதிரெதிராகவும் ஒன்று குறுக்காகவும் நிற்கும்போது நடுவில் வெற்றிடம் ஏற்படுகிறது. எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது; கலவையும் குறைகிறது; உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் முன்பே இருந்த கட்டுமுறைதான் இது. வெளியிலிருந்து வந்த ஒன்று உள்ளூர்க் கைக்குப் பழகிவிட்டால் உள்ளூரதாகிவிடுகிறது என்பதையும் இவ்விடத்தில் கவனிக்கவேண்டும்.

கூரைக்கு அவர் செய்ததும் அத்தகையதே. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகம் இழுவிசைக்கு உட்படுகிறது. அவ்விசையைத் தாங்குவது கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. எனவே கம்பிகளுக்கு இடையே, அடிப்பாகத்தில், உடைந்த அல்லது கழிக்கப்பட்ட மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்துவைத்து அவற்றின்மீது கான்கிரீட்டை ஊற்றினார். தளத்தின் வலிமை குறைவதில்லை. கனமும் செலவும் குறைகின்றன. கீழிருந்து நோக்கினால் ஓடுகளின் சிவப்பு வரிசை கண்ணுக்கு இனிமையாயிருக்கிறது. சன்னல் என்றால் சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி ஆகிய நான்குக்கும் பணம் வேண்டும். ஆகவே பல இடங்களில் சுவரிலேயே செங்கற்களை விட்டுவிட்டு அடுக்கித் துளைகள் அமைத்தார்; காற்று வருகிறது, கூசாத வெளிச்சம் வருகிறது, திருடன் வரமுடியாது. பூச்சு வேலையையும் பெரும்பாலும் தவிர்த்தார். நேர்த்தியாக அடுக்கிய செங்கல்லை ஏன் மூடவேண்டும் என்பது அவர் கேள்வி. கொத்தனின் கைவேலை அப்படியே கண்ணுக்குத் தெரிவதால், அவன் அதைக் கவனமாகச் செய்தாகவேண்டும். அவன் பெயர் சுவரில் எழுதப்படாவிட்டாலும் சுவரே அவனை அறிவிக்கிறது.

மனையிலுள்ள மரத்தை வெட்டுவதில்லை, சுவரை வளைத்துக்கொள்வார். மேட்டைச் சமப்படுத்துவதில்லை, படியமைத்துக்கொள்வார். வரைபடத்தைப் பழைய உறையின் பின்புறத்தில் வரைந்து, நாள்தோறும் கட்டும் இடத்திலேயே நின்று மாற்றிக்கொள்வார். இவ்விதம் கட்டுவதற்குக் காலம் பிடிக்கும் என்று கருதுவோர், அலுவலகத்தில் வரைந்த படத்தைக் களத்தில் திருத்துவதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட மறந்துவிடுகின்றனர்.

இதுவரை கூறியது எளிது. இனிமேற்தான் கடினமான பகுதி.

மண்வீடும் ஓலைக்கூரையும் நம் அடையாளம், அவற்றைக் காக்கவேண்டும் என்று பேசும்போது, அப்பேச்சு யார் செவியில் எவ்வாறு விழுகிறது? மலபார் மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட தம் நூலில், ஒருவன் வசிக்கும் இடத்தின் பெயரே அவன் சாதியை அறிவித்தது என்று குறித்திருக்கிறார். நம்பூதிரி வாழ்வது இல்லம் அல்லது மனை. அரசர் வாழ்வது கோவிலகம். நாயர் வாழ்வது வீடு. தச்சரும் நெசவாளரும் மரமேறுவோரும் வாழ்வது புரை அல்லது குடி. வயலில் உழைத்த ஒடுக்கப்பட்டோர் வாழ்வது சாளை, சேரி. சொற்கள் அனைத்தும் தமிழ்ச் செவிக்கும் பழகியவையே. திருவிதாங்கூரிலோ நாடார் மக்கள் ஒரு தளத்துக்குமேல் வீடு எழுப்பலாகாது என்றும், குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்றும் இருந்த கட்டுப்பாடுகளை இலண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-இல் பதிவு செய்துள்ளார். மேற்குக் கடற்கரையில் கூரைக்கு ஓடு வேய்தல் நெடுங்காலம் கோயிலுக்கும் அரண்மனைக்கும் மேன்மக்களுக்கும் உரிய சிறப்பாயிருந்தது. பாட்டனுக்கு ஓடு மறுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவன் இன்று கடன்பட்டேனும் கான்கிரீட் வீடு கட்டுகிறான் என்றால், அவன் அந்தத் தளத்தின்கீழ் வெறும் நிழலை மட்டும் தேடவில்லை. வேனிலில் அவ்வீடு அடுப்பாய்க் கொதிக்கிறதென்று நாம் அவனுக்கு எடுத்துரைப்பது பொருந்தாப் பேச்சு. அதை அவன் நம்மைவிட நன்கறிவான்.

இந்த ஓட்டின் வரலாற்றிலேயே நம் சிந்தனைக்கு உதவும் செய்தியொன்று உண்டு. 1860-களில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில், நேத்திராவதி, குருபுரா ஆகிய ஆறுகளின் களிமண் ஓட்டுக்கு ஏற்றதென்று கண்டு, ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். திருமுழுக்குப் பெற்றதனால் சாதியாரால் விலக்கப்பட்டுப் பிழைப்பை இழந்த மக்களுக்கு வேலை தருவது மிஷன் தொழில்களின் நோக்கங்களுள் ஒன்று. பின்னர் கோழிக்கோடு, பாலக்காடு முதலிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. விலை மலிந்ததும் ஓடு எல்லார் கூரைக்கும் ஏறிற்று. நம் ஊர்களில் இன்றும் முதியோர் இதனைச் சீமை ஓடு என்றும், குயவர் செய்யும் அரைவட்ட ஓட்டை நாட்டு ஓடு என்றும் பிரித்துச் சொல்வர். சீமையிலிருந்து வந்த அச்சில் நம் ஆற்றுக் களிமண்ணை வார்த்து, விலக்கப்பட்டவர் கைகள் செய்த அந்த ஓடு இன்று கேரளத்தின் மரபு அழகு என்று புகைப்படங்களில் போற்றப்படுகிறது! ஆகவே உள்ளூர் அடையாளம் என்பது ஆதிமுதல் மாறாதிருந்த ஒன்றன்று. அது ஆக்கப்படுவது, யார் அதை ஆக்கினர், யார் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பேக்கர் இக்கேள்விக்கு நூலெழுதி விடைகூறவில்லை. அவர் யார் யாருக்குக் கட்டினார் என்பதை வரிசைப்படுத்தினால் விடை தெரிகிறது. திருவனந்தபுரத்துப் பேராயர் மார் கிரிகோரியோசின் ஆதரவில் ஏழைகளுக்குச் சிறு வீடுகளை அவர் கட்டினார். பூந்துறை மீனவருக்குக் கட்டினார். அதே எலிப்பொறிச் சுவரையும் துளைச் சுவரையும் கொண்டு, சிறீகாரியத்தில் இயேசு சபையாருக்கு லயோலா சிற்றாலயத்தையும், பொருளியலறிஞர் கே. என். ராஜ் தலைமையில் உள்ளூரில் தோன்றிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒரு வளாகத்தையும் எழுப்பினார். (உள்ளூர் என்பது அங்கே அவ்விடத்தின் பெயரே, கட்டுரைக்காக நாம் இட்டதன்று.) தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகே திருகிச் செல்லும் இந்தியன் காப்பி ஹவுசையும் அவ்விதமே அமைத்தார். அவரும் அவர் மனைவியும் அத்தகைய வீட்டிலேயே வாழ்ந்தனர். ஏழைக்கு ஒரு கட்டுமுறை, செல்வர்க்கு ஒரு கட்டுமுறை என்று அவரிடம் இல்லை. அளவு வேறுபட்டது, முறை வேறுபடவில்லை. பூசாத செங்கல் ஏழைக்கு மட்டும் உரியதாக விதிக்கப்பட்டிருந்தால் அது அவனுக்குப் புதிய சாளையாகவே முடிந்திருக்கும்.

இவ்விடத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பிரசங்கத்துக்கு எவரும் எடுத்துக்கொள்ளாத வெறும் பெயர்ப்பட்டியல் அது. ஆனால் எருசலேமின் அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களுள் ஆசாரியரும் தட்டாரும் தைலக்காரரும் சல்லூமின் குமாரத்திகளும் இருக்கின்றனர். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டுகின்றனர். தெக்கோவா ஊரின் பிரபுக்கள்மட்டும் அவ்வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் ஆசிரியர் எழுதிவைக்கத் தவறவில்லை.

பேக்கரின் முறைக்கும் குறைகள் உண்டு. அது பொருட்செலவைக் குறைத்துக் கூலிச்செலவைக் கூட்டுகிறது. பணம் சிமெண்டு ஆலைக்குப் போகாமல் கொத்தன் வீட்டுக்கும் சித்தாள் வீட்டுக்கும் போவது நல்லதே. அதுவே அவர் விரும்பியதும் ஆகும். எனினும் கூலி உயர்ந்துள்ள இந்நாளில் மிச்சம் முன்போலப் பெரிதாயிராது. சூளைச் செங்கல்லுக்கு விறகும் வயல் மண்ணும் இரையாகின்றன என்பதை அவரே உணர்ந்து பிற்காலத்தில் மண்சுவரை வலியுறுத்தினார். 'பேக்கர் பாணி' என்று ஒரு நாகரிகமும் பரவிவிட்டது. செங்கல் கிடைக்காத ஊருக்கு நூறு மைல் தொலைவிலிருந்து லாரியில் செங்கல் வருவித்து, பூசாமல் விட்டு, நாட்டுப்புற எளிமை என்று பெருமை கொள்கின்றனர். தோற்றம் இருக்கிறது, ஐந்து மைல் போய்விட்டது.

சிமெண்டை முற்றும் விலக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை, பேக்கரும் விலக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படும் அப்பொருள், மனித முயற்சியால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காட்டுக்குக் காரணமாகிறது. காரைக்குரிய சுண்ணாம்புக்கு 900 பாகையளவு போதும். அது இறுகும்போது வெளியிட்ட வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உட்கொள்ளவும் செய்கிறது. தாமிரபரணியும் பாலாறும் மணலிழந்த கதை நம் வாசகர் அறிந்தது. சபையின் தளத்துக்கு எவ்வாற்று மணல் வந்தது என்று கமிட்டியில் கேட்பது இனி அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கற்றுக்கொள்ள வழியும் இல்லாமலில்லை. பேக்கர், முன்னாள் கேரள முதலமைச்சர் அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோர் 1985-இல் திருச்சூரில் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு என்னும் நிறுவனம் கொத்தரையும் பெண்களையும் இம்முறைகளில் பழக்கி வந்திருக்கிறது. படுக்கைக் கல் அடுக்கத் தெரிந்த கொத்தன் நிமிர்த்திய கல் அடுக்கச் சில நாட்களில் கற்றுக்கொள்வான். சுண்ணாம்பு வேலையோ அப்படியன்று. கலவையை எத்தனை நாள் புளிக்கவிடுவது, எப்பதத்தில் பூசுவது என்பன கையறிவு. அறிந்தோர் மறைந்தால் அவ்வறிவும் மறையும்.

தொடக்கத்தில் கூறிய சேகரத்தில் சென்ற ஆண்டு வீடற்ற ஏழு குடும்பங்களுக்குச் சபை நிதியிலிருந்து வீடு கட்டத் தீர்மானித்தார்கள். பேக்கர் முறையை விளக்கும்படி நம்மை அழைத்திருந்தனர். எலிப்பொறிச் சுவரின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, கணக்கையும் எழுதிக் காட்டினோம். கமிட்டியார் மிச்சத்தைக் கண்டு மகிழ்ந்தனர். வீடு பெறவிருந்தவர்களுள் ஒருவரான மூதாட்டி பின்வரிசையிலிருந்து எழுந்து, "ஐயா, அடுத்த வருசம் குருமனை கட்டப் போறதாச் சொன்னாவ. அதையும் இப்படித்தான் பூசாமக் கட்டுவியளா?" என்று கேட்டார்.

குருவானவர் நம்மைப் பார்த்தார். நாம் கமிட்டிச் செயலாளரைப் பார்த்தோம். குருமனையின் வரைபடம் நகரத்துப் பொறியாளர் ஒருவரிடம் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் திரும்பப் பெறுவதா என்பது அன்றிரவு முடிவாகவில்லை. ஏழு வீடுகளுக்கும் வானம் தோண்டும் நாள் அம்முடிவுக்குப் பின்னரே குறிக்கப்படவேண்டும் என்று மட்டும், அந்த அம்மையாரின் வற்புறுத்தலால், குறிப்பேட்டில் எழுதினார்கள்.